பாலைவனத்தில் கால் கழுவிய மாப்பிள்ளை

லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊரில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் தனக்கு நீந்தத் தெரியாது என்றோ, வள்ளம் வலிக்கத் தெரியாது என்றோ ஒருநாளும் சொல்லமாட்டான். கடல் பக்கத்தில் இருந்தது என்பதே போதும், மற்றதெல்லாம் தாய்ப்பாலோடு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. நானும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவன்தான். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அந்தக் கடலில் நான் முழங்காலுக்கு மேல் இறங்கியது கிடையாது. அப்பாவுக்குத் தபால் கந்தோரில் வேலை. கடலோடு அவருக்கு இருந்த ஒரே கொடுக்கல் வாங்கல் மீன் வாங்குவது. (அதிலும் அம்மாதான் மீனைத் தெரிவு செய்வா.)

ஆனாலும் மோர்டனில் நாங்கள் பொடியன்களாகச் சேர்ந்திருந்த வீட்டில், பியர் ரின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, "நாங்கள் தீவார் மச்சான். தண்ணிக்குள்ள பிறந்த சனம்" என்று நான் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை. அந்த ஒரு வசனம்தான் என்னை அமெரிக்காவில் ஒரு பாலைவனத்தின் நடுவே, இரண்டு கால்களிலும் சேறு பூசி, கலியாணமும் இல்லாமல் போகும் நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் என்னோடு குகனும் பத்மனும் இருந்தார்கள். குகன் பெற்றோல் நிலையத்தில் வேலை. பத்மன் கணக்காளருக்குப் படித்துக்கொண்டிருந்தான். நான் லண்டனுக்கு வந்தபோதும் அவன் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தான். மூவருக்கும் அந்த வருடம்தான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. இவ்வளவு காலமும் எந்த நாட்டு எல்லையிலும் ஓரமாக நிற்கவைக்கப்பட்ட எங்களுக்கு, அதை எங்கேயாவது கொண்டுபோய் நீட்டிக் காட்டவேண்டும் என்று ஒரே அரிப்பு.

குகன் தன் பெற்றோல் நிலையக் கடை அலுமாரியில் விற்காமல் கிடந்த ஒரு சஞ்சிகையோடு வந்தான். அதில் ஒரு படம். சிவப்பு மலைகள், நடுவே ஆறு, ஆற்றில் கனூ என்கிற ஒடுங்கின வள்ளம், அதில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன்.

"மச்சான், உனக்குக் கலியாணம் வருது. அதுக்குப் பிறகு நீ லண்டனுக்குள்ள இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்கே மனிசியைக் கேட்டுத்தான் போவாய். இப்பவே ஒரு பெரிய விசயம் செய்வம்" என்றான்.

யூட்டா என்ற மாநிலத்தில் ஓடுகிறது அந்த ஆறு. பெயர் கிரீன் ரிவர். நாலு பகல் வள்ளத்திலே போகவேண்டும். இரவில் கரையில் கூடாரம். வழியில் ஊரில்லை, கடையில்லை, ரோடில்லை. முடிவில் ஒரு இடத்துக்கு வான் வந்து ஏற்றும். "புதுசாப் பழகிறவைக்கும் ஏற்ற ஆறு" என்று போட்டிருந்ததைப் பத்மன் சத்தமாக வாசித்தான். நான் அவனைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தேன். புதிதாகப் பழகுகிறவர்கள் அவர்கள், நான் தீவான் அல்லவா.

என் கலியாணம் பேசி முடித்திருந்தது. பெண் சுபா. குடும்பம் லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கம். மண்டபம் பிடித்தாயிற்று. கலியாணக் கார்ட் மட்டும் அடிக்கவில்லை. அதற்குக் காரணம் சுபாவின் அண்ணன் யோகநாதன். யோகண்ணைக்குக் கவுன்சிலில் கட்டடம் பரிசோதிக்கும் வேலை. எதைப் பார்த்தாலும் எங்கே வெடிப்பு இருக்கிறது என்றுதான் பார்ப்பார். என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினால், நான் இருந்த கதிரையைக்கூட ஒருமுறை பார்ப்பார்.

பயணம் முடிவான கிழமை சுபா டெலிபோன் எடுத்தாள்.

"அண்ணையும் வாறாராம்."

"எங்க?"

"உங்கட ஆத்துக்கு."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இஞ்ச பாருங்கோ, அண்ணைக்கு உங்களில இன்னும் முழு நம்பிக்கை வரேல்லை. 'கதைக்குக் குறைவில்லை, ஆள் எப்பிடியெண்டு தெரியேல்லை' எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டார். அவர் ஓமெண்டால்தான் கார்ட் அடிக்கலாம். தயவுசெய்து அந்த நாலு நாளும் ஒழுங்கா நடந்துகொள்ளுங்கோ."

"சுபா, நீர் பயப்பிடாதையும். வள்ளம் எண்டால் எனக்கு..."

"உந்தக் கதையைத்தான் விடச் சொல்லுறன்" என்றாள்.

பயிற்சிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காக் குளத்தில் வாடகை வள்ளம் எடுத்தோம். பக்கத்தில் நீந்திய தாராக்கள் எங்களைவிட வேகமாகப் போயின. அது காற்றின் குற்றம் என்று நான் விளக்கம் சொன்னேன். பத்மன் அதை நம்பினான். (அவன் சோதனை பாஸ் பண்ணாததன் காரணம் எனக்கு அன்றைக்கு விளங்கியது.)

அமெரிக்காவில் விமான நிலையத்தில் குகனின் பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தான். சுங்க அதிகாரி குனிந்தார், உள்ளே இருந்த கருவாட்டின் மணம் அவருக்கு எட்டியது, நிமிர்ந்தார், தானே பையை மூடி, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். புதிய பாஸ்போர்ட்டை நீட்டிக் காட்டவேண்டும் என்று வந்தும், அதை ஒருவரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்று குகனுக்குக் கவலை.

மறுநாள் காலை ஆற்றங்கரை. பெயர்தான் கிரீன் ரிவர். பார்த்தால் ஆற்றுக்கு நல்ல பால் தேத்தண்ணி நிறம். கையை விட்டு எடுத்தால் விரலிடுக்கில் மண். இரண்டு பக்கமும் சிவப்பு மலை, நடுவே இந்தத் தேத்தண்ணி, மேலே ஒரு முகில்கூட இல்லாத வானம். வெயில் காலை எட்டு மணிக்கே மதியத்துக்குரிய வேலையைத் தொடங்கிவிட்டது.

வள்ளம் வாடகைக்குக் கொடுத்த மனிதர் பெரிய தாடிக்காரர். நடக்கவேண்டிய முறையெல்லாம் அரைமணி நேரம் சொன்னார். குகன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பத்மன் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். யோகண்ணை வள்ளத்தின் அடியை விரலால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க எஞ்சியிருந்தது நான். நான் முன்னுக்கு நின்று, இடுப்பில் கைவைத்து, அவர் வாய் திறக்க முதலே தலையாட்டினேன். தெரிந்தவன் தலையாட்டுகிற மாதிரி.

இப்போது யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வருகிறது. கான் என்கிற பிளாஸ்டிக் கலன்களில் இருக்கும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றார். கழுவுவதெல்லாம் ஆற்றில் என்றார். இரண்டு வெறும் வாளி தந்து, பின்னேரம் ஆற்றுத் தண்ணீரை அள்ளி வையுங்கள், விடிய மண் அடியில் படிந்துவிடும், மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம், கையிருப்புக்கு உதவும் என்றார். பிறகு ஒரு இரும்புப் பெட்டியைக் காட்டினார். அதுதான் மலசலகூடமாம். அந்தப் பாலைவனத்தில் மனிதன் விட்டுப்போக அனுமதி உள்ளது காலடித்தடம் மட்டும்தான், மற்றதெல்லாம் பெட்டியில் திரும்பி வரவேண்டும் என்பது அங்கத்தைய சட்டம்.

"என்னவாம்?" என்று யோகண்ணை கேட்டார்.

"வழமையான விசயங்கள்தான் அண்ணை."

வாளி இரண்டையும் பார்த்துக் குகன் சந்தோசப்பட்டான். ஒன்றுக்குள் வெங்காயம் போட்டான். மற்றதுக்குள் கருவாடு.

வள்ளத்தைத் திருப்புகிறவன் பின்னால் இருக்கவேண்டும். இவ்வளவு கதைத்தவன் முன்னால் இருக்க முடியுமா? நான் பின்னால் ஏறினேன், யோகண்ணை முன்னால். கரையை விட்டுத் தள்ளினோம். வள்ளம் இடப்பக்கம் திரும்பியது. நான் துடுப்பை மற்றப் பக்கம் போட்டேன். இன்னும் இடப்பக்கம் திரும்பியது. பிறகு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, கரையில் நின்ற தாடிக்காரரை மறுபடியும் காட்டியது. அவர் கை அசைத்தார். நானும் அசைத்தேன். அடுத்த சுற்றில் அவர் கை அசைக்கவில்லை.

யோகண்ணை திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ரஞ்சன், உந்த மலையை நான் இப்ப மூண்டாந்தரம் பாக்கிறன்."

"நீரோட்டத்தைச் சோதிச்சுப் பாக்கிறன் அண்ணை."

"சோதிச்சு முடிஞ்சால் சொல்லும்."

பின்னேரம் கரை ஒதுங்கினோம். அங்கேதான் வந்தது வினை. கரை என்று நான் நினைத்துக் காலை வைத்தது கரையல்ல, சேறு. முழங்கால்வரை இறங்கியது. இழுத்தெடுத்தால் கால் வந்தது, செருப்பு வரவில்லை. அந்தச் சேறு காய்ந்தால் சீமெந்து பூசின மாதிரி. ஆற்றில் கழுவலாம் என்று போனால், கழுவிய காலை மறுபடி அதே சேற்றில்தான் வைத்து ஏறவேண்டும். கழுவுகிற தண்ணீரும் சேறு.

கூடாரத்தை அடித்து முடித்ததும் யோகண்ணை அதன் வாசலில் நின்று ஒரு வசனம் சொன்னார். "வீடெண்டாலும் ஒண்டுதான், கூடாரமெண்டாலும் ஒண்டுதான். காலைக் கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்க வரவேணும்."

மற்றவர்களுக்கு அது ஒரு வசனம். எனக்கு அது சோதனைக் கேள்வி. நான் என்ன ஆள் என்று பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்! தண்ணீர்க் கானை எடுத்து வந்தேன். குதிக்கால், கணுக்கால், விரலிடுக்கு என்று ஒன்றும் மிச்சம் விடாமல், அவர் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று, தெளிந்த தண்ணீரில் கழுவினேன். யோகண்ணை என் காலைப் பார்த்தார். தலையை இலேசாக ஆட்டினார். கார்ட் அச்சகத்துக்குப் போவது என் கண்ணில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் கூடாரத்துக்குள் போகும்போதெல்லாம் கழுவினேன். தொப்பி எடுக்கப் போனாலும் கழுவினேன். கழுவுவதற்காகவே சிலவேளை வெளியே போய் வந்தேன்.

மற்றவர்கள் யோக்கியர்கள் என்று நினைக்கவேண்டாம். பத்மன் அரிசி கழுவினால், கழுவின தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும்வரை விடமாட்டான். அவன் அம்மா அப்படித்தானாம். இனி அந்த இரும்புப் பெட்டி. அதோடு ஒரு சுருள் கடதாசியும் தந்திருந்தார்கள். எவ்வளவு காலம் லண்டனில் இருந்தாலும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், சில காரியங்களில் மனிதன் தன் பண்பாட்டை விட்டுக்கொடுக்க முடியாது. பெட்டி வைத்திருந்த பற்றைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். கடதாசிச் சுருள் இருந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கான் போயிற்று. அந்தச் சேற்றுத் தண்ணீரை எந்த மனிதன் அதற்குப் பயன்படுத்துவான்? யோகண்ணையும் கானோடுதான் போனார். கவுன்சில் உத்தியோகத்தர் என்றபடியால் கொஞ்சம் கம்பீரமாகப் போனார்.

மூன்றாம் நாள் காலை பத்மன் தேத்தண்ணி போட ஒரு கானைத் தூக்கினான். அது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக மேலே வந்தது. அடுத்ததைத் தூக்கினான். அதுவும் அப்படியே. ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். "மச்சான், ஒரே ஒரு கானிலதான் தண்ணி கிடக்கு. அதுவும் அரைவாசி."

இன்னும் இரண்டு பகல் போகவேண்டும். வெயிலோ கல்லில் முட்டை பொரிக்கலாம் என்கிற வெயில். வந்த வழியில் ஒரு மனிதரைக் காணவில்லை.

"ஆர் இவ்வளவையும் குடிச்சது?" என்று யோகண்ணை கேட்டார்.

ஒருவரும் குடிக்கவில்லை. அதுதான் உண்மை. பாலைவனத்துக்கு வந்து ஒழுங்காகத் தண்ணீர் குடித்தவன் எங்களில் ஒருவன்கூட இல்லை. நால்வருக்கும் உதடு வெடித்திருந்தது. தலையிடி. ஆனால் கால்கள் மட்டும் அவ்வளவு சுத்தம். முக்கியமாக என்னுடையவை. மூன்று பேரும் மெதுவாகக் குனிந்து என் பாதங்களைப் பார்த்தார்கள்.

"நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், காலைக் கழுவிப்போட்டு..."

"நான் கால் கழுவச் சொன்னனான். அபிஷேகம் செய்யச் சொன்னனானோ?"

அரைக் கானை யோகண்ணை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதன் நீல மூடியைக் கழற்றி, அதில் தண்ணீர் வார்த்து, ஆளுக்கு ஒரு மூடி தந்தார். நாலு பேரும் வரிசையில் நின்று வாங்கினோம். எனக்குத் தரும்போது, "குடிக்கத்தான்" என்று சொல்லித் தந்தார்.

குகன் ஆற்றையே குடித்துப் பார்த்தான். பிறகு அரைமணி நேரம் பல்லுக்குள் மண் நெரிபடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அப்போது பத்மன், "உந்த ரெண்டு வெறும் வாளியும் ஏன் தந்தவங்கள்?" என்றான். எனக்குச் சுரீரென்றது. தாடிக்காரரின் வாய் அசைந்தது நினைவில் வந்தது. பிறகு சத்தமும் வந்தது. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

யோகண்ணை கானை மடியில் வைத்தபடி கேட்டார். "வழமையான விசயம் எண்டு சொன்னது உந்த வாளிக் கதையைத்தானோ?"

அன்று பகல் காற்று எதிர்த்து அடித்தது. துடுப்புப் போடப் போட வள்ளம் பின்னால் போனது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்திருந்தது. தாகத்தைப் பற்றியல்ல. முன்னால் இருந்த அந்த அசையாத முதுகைப் பார்க்கப் பார்க்க, சுபாவை நான் ஒரு வாளியால் தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அந்த ஆற்றில்தான் எனக்கே ஒழுங்காகத் தெரிந்தது.

பின்னேரம் வாளிகளைக் காலியாக்கி, மண் போட்டுத் தேய்த்து, ஆற்றுத் தண்ணீரை அள்ளி வைத்தோம். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், தாடிக்காரர் சொன்ன மாதிரியே மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. ஒரு வாளியில் வெங்காய மணம், மற்றதில் கருவாட்டு மணம். அதனாலென்ன! பத்மன் சந்தோசத்தில் கும்பிட்டான். அதிலே ஒரு கேத்தல் கொதிக்கவைத்து ஆளுக்கு அரைக் கோப்பை தேத்தண்ணி குடித்தோம். கருவாட்டுத் தேத்தண்ணி. என் வாழ்க்கையில் அதைவிட ருசியான தேத்தண்ணி குடித்தது கிடையாது. யோகண்ணைகூட, "பரவாயில்லை" என்றார். மிச்சத் தண்ணீரைப் பகலுக்குக் கொதிக்கவைத்துக் கானில் நிரப்புவது என்று முடிவு. பத்மன் அடுப்புக்கு விறகு பொறுக்கினான். குகன் கூடாரம் கழற்றினான்.

நான் வள்ளத்தைச் சேற்றிலிருந்து இழுத்துவிடப் போனேன். இன்றைக்காவது ஒரு காரியத்தை ஒருவரும் சொல்லாமல் செய்து காட்டவேண்டும் என்று வெறி. தனியாளாக இழுத்தேன். முழங்கால்வரை சேறு. வள்ளம் தண்ணீரில் மிதந்தது. வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு திரும்பி வந்தேன். பாதி கழற்றிய கூடாரத்துக்குள் என் பை கிடந்தது. வாசலில் வாளி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அடுத்தது நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதைவிட, என் கைகள் செய்தன என்று சொல்வதுதான் சரி. மூன்று நாள் பழக்கம். வெங்காய வாளியை எடுத்து வலது காலில் ஊற்றினேன். விரலிடுக்கெல்லாம் தேய்த்தேன். கருவாட்டு வாளியை எடுத்து இடது காலில் ஊற்றினேன். ஏன் ஒருவரும் கதைக்கிற சத்தம் கேட்கவில்லை என்று யோசித்தபடி நிமிர்ந்தேன்.

பத்மன் விறகோடு நின்றான். குகன் கூடாரக் கம்பியோடு நின்றான். யோகண்ணை வெறும் கானோடு நின்றார். இரண்டு வாளியிலும் அடியில் மண் மட்டும் இருந்தது. என் கால்கள் பளபளவென்று இருந்தன.

பத்மன்தான் முதலில் குந்தினான். அப்படியே மண்ணில் இருந்துவிட்டான். குகன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. என் தாய்வழி உறவினர் பலர் அதில் வந்தார்கள்.

யோகண்ணை கத்தவில்லை. கிட்ட வந்தார். வாளியைச் சரித்து உள்ளே பார்த்தார், வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு என்னைக் கேட்டார். "ரஞ்சன், உந்தக் காலோட நீர் என்ர வீட்டுப் படி ஏறப் போறீரோ?"

என் கண்ணில் தண்ணீர் வந்தது. (நல்லவேளை, அதிலும் கால் கழுவவில்லை என்று குகன் பின்னாளில் சொன்னான்.)

அந்த நேரம்தான் ஆற்றின் வளைவில் பாட்டுச் சத்தம் கேட்டது. மூன்று வள்ளங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள். எல்லோருக்கும் வெள்ளைத் தலை, பெரிய தொப்பி, கையில் துடுப்பு. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்திமார்களாம். வருடா வருடம் வருவார்களாம். குகன் வேட்டையில் தப்பினவன் மாதிரிக் கையை ஆட்டிக் கத்தினான்.

அவர்கள் கரை ஒதுங்கின விதத்தைப் பார்த்தபோதே எனக்கு வெட்கம் வந்துவிட்டது. ஒரு சத்தமில்லாமல், சேறு இல்லாத கல்லாகப் பார்த்து, பூப்போல வந்து நின்றார்கள். தண்ணீர் தந்தார்கள். எலுமிச்சம் சாறு தந்தார்கள். நாங்கள் குடிக்கிறதைப் பார்த்துப் பயந்து, மெதுவாக, மெதுவாக என்றார்கள். அவர்களில் மூத்தவர் டோரதி என்று பெயர். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

லண்டன் என்றோம். அதற்கு முதல் என்றார்.

"ஒரு தீவு" என்று பத்மன் சொன்னான். அவனுக்கு எப்போதும் தேவையில்லாத விபரம் சொல்லும் பழக்கம்.

"அப்படியென்றால் உங்களுக்குத் தண்ணீர் பழக்கம்தானே" என்று டோரதி சிரித்துக்கொண்டே கேட்டார். நாங்கள் நால்வரும் மலைகளைப் பார்த்தோம். உண்மையிலேயே அழகான மலைகள். பிறகு, இவ்வளவு தண்ணீரும் எப்படி முடிந்தது என்று கேட்டார். மூன்று விரல்கள் என் பக்கம் நீண்டன. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். "அப்பாடா, எவ்வளவு சுத்தமான கால்கள்" என்றார்.

யோகண்ணையின் தோள் குலுங்கியது. இருமினார் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் வான் நிற்கும் இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம். நாங்களாக வரவில்லை. என் வள்ளம் மறுபடியும் சுற்றத் தொடங்கியதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்த டோரதி, ஒரு கயிற்றை எறிந்து எங்கள் வள்ளத்தைத் தன் வள்ளத்தோடு கட்டிக்கொண்டார். தண்ணிக்குள் பிறந்த சனத்தின் பிரதிநிதியை, வெள்ளைத்தலை அம்மணி ஒருவர் ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போனார். வானோடு வந்திருந்த தாடிக்காரர் கரையில் நின்று பார்த்தார். நான் கை அசைக்கவில்லை.

லண்டன் வரும்வரை யோகண்ணை என்னோடு கதைக்கவில்லை. விமான நிலையத்தில் சுபாவின் அம்மா ஆவலாக, "எப்பிடித் தம்பி பயணம்?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் யோகண்ணை, "பேந்து கதைப்பம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சுபா என்னைப் பார்த்த பார்வையில், என்ன செய்தாய் என்ற கேள்வியைவிட, எனக்குத் தெரியும் என்ற பதில்தான் கூடுதலாக இருந்தது.

ஒரு கிழமை டெலிபோன் அடிக்கவில்லை. குகன் சமைத்து வைத்தான், நான் சாப்பிடவில்லை. "வேற பொம்பிளை பாப்பம் மச்சான், பாலைவனத்துக்குப் போகாத குடும்பமா" என்று ஆறுதல் சொன்னான்.

பிறகு சுபா எடுத்தாள். குரலில் சிரிப்பு. "கார்ட் அடிக்கக் குடுத்தாச்சு."

"அண்ணை ஓமெண்டவரோ? என்ன சொன்னவர்?"

"அம்மா கேட்டவா, ஆள் எப்பிடி எண்டு. 'ஆள் நல்ல சுத்தம் அம்மா' எண்டு சொன்னவர். வேற ஒண்டும் சொல்லேல்லை. சொல்லிப்போட்டு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறார். அங்க என்ன நடந்தது?"

சொல்கிறேன் என்று சொன்னேன். சொல்லவில்லை. எனக்குப் பதிலாகச் சொல்ல ஆள் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் முறைக் கலியாணங்களில், மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து நிற்க, பெண்ணின் சகோதரன்தான் செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலைக் கழுவவேண்டும். மாப்பிள்ளை அவர் விரலில் மோதிரம் போடவேண்டும். தலைப்பாகையோடும் மாலையோடும் நான் வாசலில் நின்றேன். மேளம் முழங்கியது. வீடியோக்காரன் வெளிச்சத்தை முகத்தில் பிடித்தான். யோகண்ணை பட்டுவேட்டியோடு, செம்போடு வந்தார். குனிந்தார். செம்பைச் சரிக்கப் போனவர் நிறுத்தினார். இடுப்பு மடிப்புக்குள் கையைவிட்டு எதையோ எடுத்தார்.

நீல மூடி. கானின் மூடி.

செம்பிலிருந்து அந்த மூடிக்குள் பார்த்துப் பார்த்து வார்த்தார். ஒரு மூடி தண்ணீரை என் வலது காலில் பாதியும் இடது காலில் பாதியுமாக விட்டார். நிமிர்ந்து, சபைக்கே கேட்கச் சொன்னார். "மாப்பிள்ளைக்கு இவ்வளவு காணும். மிச்சத்தைச் சனம் குடிக்கட்டும்."

குகன் கதிரையிலிருந்து விழுந்தான். பத்மன் அழுது அழுது சிரித்தான். ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை, இது எந்த ஊர் முறை என்று பக்கத்தில் கேட்டார். நான் மோதிரம் போட யோகண்ணையின் விரலைப் பிடித்தால் அந்தக் கை சிரிப்பில் ஆடுகிறது, என் கையும் ஆடுகிறது. மோதிரம் இரண்டுமுறை கீழே விழுந்தது. அதெல்லாம் வீடியோவில் இருக்கிறது. கலியாண வீடியோவை விரும்பித் திரும்பத் திரும்பப் பார்க்கும் குடும்பம் லண்டனில் எங்களுடையது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்த மூடி இல்லாமல் கலியாணம் நடந்ததில்லை. யோகண்ணை வீட்டுச் சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் இருக்கும். கனடாவிலிருந்து வந்த ஒரு மாமி அதற்குச் சந்தனப்பொட்டு வைத்துவிட்டுப் போனா. ஒருவரும் அழிக்கவில்லை.

போன வருடம் என் மகளின் கலியாணம். மாப்பிள்ளை குரோய்டனில் பிறந்த பிள்ளை, அமைதியான டொக்டர். என் மகன் செம்போடு குனிந்தான். பின்னால் நின்ற யோகண்ணை, இப்போது தலையில் ஒரு மயிர் இல்லை, என் மகனின் தோளைத் தட்டி அந்த நீல மூடியை நீட்டினார். சபை முழுக்கச் சிரித்தது. தன் காலில் விழுந்த நாலு சொட்டுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை குழம்பிப்போய் என்னிடம், "ஏன் மாமா, மண்டபத்தில தண்ணி இல்லையோ?" என்று கேட்டார்.

யோகண்ணைதான் சொன்னார்.

"தண்ணி இருக்குத் தம்பி. உம்மட பங்கையும் சேர்த்து உம்மட மாமா அப்பவே கழுவிப்போட்டார்."